மரம், கொம்பு, எலும்பு, கல்: காதுத்துளை அணிகளில் தோன்றும் குறைகளும் அவற்றை நீக்கும் முறையும்

நன்றாக ஆறிப் பழகிய காதுச்சோணைத் துளையில் மரம், எருமைக் கொம்பு, எலும்பு, சிரட்டை, சங்கு, அம்பர், கல் ஆகியவற்றால் செய்த பிளக் (துளையை அடைக்கும் திண்ம உருளை) அல்லது டனல் (நடுவே உள்ளீடற்ற உருளை) அணிபவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. மணிமாலைக்கும் வளையலுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆயினும் தோலின்மேல் கிடக்கும் அணியை விடத் துளைக்குள் தங்கும் அணியைக் கூடுதல் கண்டிப்புடன் கவனிக்க வேண்டும். துளையின் உட்சுவர் மெல்லியது. காற்றுப் படாமல் எப்போதும் ஈரப்பதத்துடன் இருப்பது. மாலையில் பல மாதங்கள் தெரியாமல் கிடக்கும் குறை, பிளக்கில் இரண்டே நாளில் வெளிப்பட்டுவிடும்.

எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் குறை அணியில் உள்ளதா, துளையில் உள்ளதா, இரண்டுக்கும் இடையிலான பொருத்தத்தில் உள்ளதா என்று பிரித்தறிய வேண்டும். பொருளைக் குறை சொல்லித் தூக்கி எறியப்படும் அணிகளில் பல, உண்மையில் அளவு தவறியவை அல்லது ஈரத்தோடு மாட்டப்பட்டவை.

பிரித்தறியும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின் அணியைக் கழற்றி வெள்ளைத் துணியின்மேல் வைக்கவும். அணியைத் தனியாகவும், துளையைத் தொட்ட விரலைத் தனியாகவும் முகர்ந்து பார்க்கவும். கைப்பேசியின் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்சினால், நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் மேடும் நிழல் விழுந்து தெரியும். பிறகு சிறிது பஞ்சால் அணியைச் சுற்றிலும் தடவவும். பஞ்சின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே விரிசலோ சிராயோ உண்டு. கடைசியாக, வெர்னியர் காலிப்பரால் நடுப்பகுதியின் விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளந்து குறித்துக்கொள்ளவும்.

இதன்பின் ஓர் இரவு அணியை மாட்டாமல் இருந்து பார்க்கவும். தொல்லை தணிந்தால் காரணம் அணியிலோ பொருத்தத்திலோ உள்ளது. தணியாவிட்டால் துளையைக் கவனிக்க வேண்டும். அண்மையில் பெரிதாக்கிய துளை ஓர் இரவிலேயே சுருங்கக்கூடும் என்பதால், அதே அளவிலோ ஓர் அளவு குறைவாகவோ கண்ணாடிப் பிளக் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. கண்ணாடி எதையும் உறிஞ்சாது, எதையும் வெளியிடாது. அதை மாட்டியும் தொல்லை தொடர்ந்தால் மரத்தின்மீது பழி போட வழியில்லை.

புதிதாகக் குத்திய துளையில் மர அணி போட்டபின் நீர் கசிகிறது, வலி குறையவில்லை

இங்கே குறை தேர்வில்தான் உள்ளது. மரம், கொம்பு, எலும்பு ஆகியவை நுண்துளைகள் கொண்டவை. காயத்திலிருந்து வரும் நீர் அந்தத் துளைகளில் ஊறித் தங்கும். கிருமிகளும் அங்கே தங்கும். உலோகத்தையும் தகுந்த கண்ணாடியையும் 121 பாகை செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தின்கீழ் வைத்துக் கிருமி நீக்கலாம். அதே முறைக்கு மரத்தை உட்படுத்தினால் வெடிக்கும், கொம்பு உருமாறும். வீட்டில் இட்லிப் பானையிலோ குக்கரிலோ வேகவைப்பதும் இதே சேதத்தைச் செய்யும். கிருமி நீக்கியதற்கும் உறுதி கிடைக்காது.

நம் ஊர்களில் காது மூக்குக் குத்தியபின் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியோ விளக்குமாற்றுக் குச்சியோ செருகி வைக்கும் பழக்கம் உண்டு. வேம்புக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டென்பதால் அந்தக் குச்சி கிருமியற்றது என்று ஆகிவிடாது. சீவிய குச்சியின் சிராய் ஆறாத புண்ணை ஒவ்வொரு அசைவிலும் உரசும். சோணைத் துளை மேலோட்டமாக ஆறுவதற்கே ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். குருத்தெலும்புத் துளைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அதுவரை உடலுக்குள் பொருத்தும் தரத்திலான, ஏ.எஸ்.டி.எம். எஃப்136 தரக்குறியீடு கொண்ட டைட்டானியமோ கண்ணாடியோ போதும். துளையைப் பெரிதாக்கிய முதல் சில வாரங்களுக்கும் இந்த விதி பொருந்தும்: பெரிதாக்குவது கண்ணாடியால், பழகியபின் அணிவது மரத்தால்.

கழற்றும்போது நாற்றம் அடிக்கிறது

நாற்றத்தின் வகையே காரணத்தைச் சொல்லிவிடும். புளித்த பாலாடைக்கட்டி போன்ற வாடையும் வெளிறிய பிசுக்கும் இருந்தால், அது உதிர்ந்த தோலணுக்களும் தோல் சுரக்கும் எண்ணெயும் சேர்ந்த அழுக்கே, நோயன்று. அக்ரிலிக் அணியில் இது அதிகமாகத் தெரியும், மரத்திலும் கொம்பிலும் குறைவாகத் தெரியும். பலர் மரத்துக்கு மாறுவதே இதற்காகத்தான். மழைக்கால அலமாரியைத் திறந்தாற்போன்ற பூஞ்சை வாடை அணியில் மட்டும் இருந்தால், அது ஈரம் உலராமல் மாட்டப்பட்டு வருகிறது. துளையிலிருந்து அழுகல் நாற்றமும் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழும் வந்தால் அது கிருமித்தொற்று. அதைப் பற்றி அடுத்த பகுதியில் காண்க.

முதல் வகைக்குக் குளிக்கும்போது அணியைக் கழற்றிவிட்டு, துளையை மணமில்லாத மென்சோப்பால் கழுவித் துணியால் ஒற்றி எடுப்பதே மருந்து. அணியை வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் மட்டும் காட்டி, விரலால் சோப்பு நுரை தேய்த்து, அலசி, உடனே துடைக்க வேண்டும். நீரில் ஊறப்போடக் கூடாது. துடைத்தபின் நிழலில் காற்றாட சில மணி நேரம் விட்டு, உள்ளங்கையில் தேய்த்த இரண்டொரு சொட்டு எண்ணெயைப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். அணிமேல் பளபளவென்று எண்ணெய் நிற்பது பராமரிப்பின் அடையாளம் அன்று. அது தூசியையும் அழுக்கையும் பிடித்து வைக்கும்.

எந்த எண்ணெய் என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். ஹோஹோபா எண்ணெய் வேதியியல்படி ஒரு நீர்ம மெழுகு என்பதால் எளிதில் சிக்கடிக்காது. அது கிடைக்காத இடத்தில் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும். குளிர்நாடுகளில் 24 பாகைக்குக் கீழே உறைவது மட்டுமே அதன் தொல்லை. கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் சிக்கு வாடை தரும். மரச்சாமான்களுக்கென்று விற்கப்படும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் உலர்த்தும் உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும். அதைத் தோல்படும் அணிக்குப் பூசவே கூடாது. மணமூட்டிய கூந்தல் எண்ணெய்களும் வேண்டாம். அவற்றின் வாசனைப் பொருட்கள் மரத்தில் ஊறி, பிறகு துளையின் உட்தோலில் நாள்முழுதும் பட்டுக்கொண்டே இருக்கும்.

அரிப்பு, சிவப்பு, தடிப்பு

உரசல், ஒவ்வாமை, தொற்று ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதால், இவற்றைப் பிரித்தறிய நேரம் எடுத்துக்கொள்வது தகும்.

உரசல் என்றால் சிவப்பு ஓரிடத்தில் மட்டும், பெரும்பாலும் அணியின் விளிம்பு படும் இடத்தில் இருக்கும். அணியை அதே இடத்தில் பஞ்சால் தடவினால் இழை சிக்கும். மரமாகவோ கொம்பாகவோ இருந்தால் 600, பிறகு 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் அந்த இடத்தை இழைத்துத் தூளைத் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். தூளை மூக்கில் ஏற விடாதீர்கள். எலும்பையும் சங்கையும் இழைப்பதாயின் நீர் தொட்டு இழைப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

ஒவ்வாமை என்றால் அரிப்பே முதன்மை, வலி பிற்பாடுதான். அணி எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம், அதன் வடிவத்தை வரைந்தாற்போல் தடிப்பு பரவும். இரு காதிலும் ஒரே மரம் என்றால் பெரும்பாலும் இரு காதிலும் வரும். மாட்டிய உடனே வராமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வருவதால், காரணத்தைத் தவறவிடுவது எளிது. முன்பு மாதக்கணக்கில் ஒத்துக்கொண்ட மரமும் ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா இனத்தில் தோலைத் தூண்டும் வேதிப்பொருட்கள் உண்டு; அதே இனத்தைச் சேர்ந்த மத்திய அமெரிக்க மரமான கோகோபோலோ இவ்வகையில் பெயர்பெற்றது. தேக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இத்தகைய மரத்தை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. காரணப்பொருள் மரத்துக்குள்ளேயே இருப்பதால், அந்த மரத்தையும் அதன் உறவு மரங்களையும் விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் மரத்தைக் குற்றவாளி ஆக்குமுன் மேற்பூச்சு, சாயம், பதிப்பு ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். மலிவான அணிகளில் வார்னிஷ் பூசியிருப்பார்கள். பித்தளைப் பூவோ வெள்ளிநிறக் கம்பியோ பதித்திருந்தால் அதில் நிக்கல் இருக்கலாம். தலைமுடிச் சாயம் பூசும்போது அணியைக் கழற்றாமல் இருந்தால், பலருக்கு ஒவ்வாமை தரும் அந்தச் சாயப்பொருளை மரம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாயம் பூசிய வாரத்தில் தொடங்கிய அரிப்புக்கு மரத்தின் இனத்தை ஆராய்வது வீண்.

கையில் கிடைத்த கிளையைச் சீவித் தாமே அணி செய்துகொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரளியும் எட்டியும் நஞ்சு கொண்டவை. சேங்கொட்டை மரத்தின் சாறு தோலைக் கொப்புளிக்க வைக்கும். பிச்சாவரம் சதுப்புநிலத்தில் வளரும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். பெயர் தெரியாத மரம் காதுக்கு வேண்டாம்.

தொற்று என்றால் தொட்டால் சூடு, விண்விண் என்ற வலி, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை இருக்கும். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் வரும். இயற்கைப்பொருள் அணியை உடனே கழற்றி, கிருமி நீக்கிய கண்ணாடி அல்லது டைட்டானியம் அணியை அதே அளவிலோ சற்றுக் குறைவாகவோ மாட்டிக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். துளையை வெறுமையாக விட்டு அது மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். காய்ச்சல் இருந்தாலோ, வீக்கம் சோணையைத் தாண்டி மேற்காதின் குருத்தெலும்புப் பகுதிக்கு ஏறினாலோ அன்றே போக வேண்டும். குருத்தெலும்பில் தொற்று புகுந்தால் காதின் வடிவமே கெட்டுவிடக்கூடும். மஞ்சள் பற்று, டீ ட்ரீ எண்ணெய், பற்பசை போன்றவற்றைப் பூசி நாட்களைக் கடத்துவதால், எளிதில் தீரக்கூடியது பெரிதாகிறது.

தோலிலும் தலையணை உறையிலும் நிறம் ஒட்டுகிறது

கருங்காலி என்று விற்கப்படுபவற்றில் இது அதிகம். கருங்காலி மாலைக்கு எழுந்த பெருந்தேவையில், வேறு மரத்தைக் கடைந்து கருஞ்சாயம் ஏற்றி விற்பவை சந்தையில் கலந்துவிட்டன. காதணிகளிலும் அவை உள்ளன.

வெள்ளைப் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அணியின் ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்க்கவும். பஞ்சில் மை போன்ற கருமை ஏறினால் சாயம் அல்லது பாலிஷ். செம்பழுப்பு மட்டும் மெல்ல இறங்கினால் அது மரத்தின் இயல்பான துவர்ப்பொருளாக இருக்கலாம். கருங்காலி என்ற பெயரிலேயே வழங்கும், காசுக்கட்டி எடுக்கப்படும் வேலமர வகை அப்படித்தான் நிறம் இறக்கும். வேங்கையும் நீரில் நிறம் விடும். பஞ்சு சுத்தமாகவே இருந்தால், பழைய துணித்துண்டில் சிறிது ஸ்பிரிட் தொட்டு மறைவான விளிம்பில் ஒருமுறை தேய்த்துப் பார்க்கலாம். நீருக்கு அசையாத சாயமும் அதற்கு இறங்கும். அடுத்து அணியின் முகத்தில் விளக்கொளியைச் சாய்த்துப் பார்க்கவும். உண்மையான கருமரத்தில் மிக நெருக்கமான நுண்துளைகளும் ஆங்காங்கே பழுப்புக் கீற்றும் தெரியும். சாயம் ஏற்றியதில் பெரிய துளைகளின் குழிகளில் கருமை தேங்கி, மேடுகளில் வெளிறியிருக்கும்.

நீரில் மூழ்கினால் அசல் என்ற சோதனை பாதி உண்மையே. கருங்காலியின் வைரம் பாய்ந்த நடுமரம் பொதுவாக நீரைவிட அடர்த்தி மிகுந்தது, ஆகவே மிதக்கும் அணி ஐயத்துக்குரியது. ஆனால் மூழ்கும் மரங்கள் வேறும் உண்டு. பிசின் கலந்து அழுத்திய போலிகளும் மூழ்கும்.

சாயம் என்று உறுதியானால் அணியைத் துளைக்குள் போட வேண்டாம். மேலே வார்னிஷ் அடித்து அடக்குவதும் தீர்வன்று. துவர்ப்பொருள் என்றால் மூன்று நான்கு முறை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு விதிவிலக்கு: துவர் மிகுந்த மரத்தில் இரும்பு ஆணியோ கம்பியோ பதித்திருந்தால், வியர்வையின் ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மை போன்ற கறுப்பை உண்டாக்கும். அப்போது சாயமே இல்லாத அசல் மரமும் காதைக் கறுப்பாக்கும்.

விரிசல், ஓரம் பிளத்தல், படலமாக உரிதல்

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை ஏற்றும் இறக்கியும் வாழும் பொருள். நாரின் நீளவாக்கில் அது ஏறத்தாழ மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில் விரியும், சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைவிட அதிகமாக மாறும். வட்டமாகக் கடைந்த பிளக் சில மாதங்களில் நீள்வட்டமாவதும், வெளிவிளிம்பிலிருந்து மையம் நோக்கிக் கீறல் ஓடுவதும் இதனால்தான். இரு திசைகளில் அளந்து குறிக்கச் சொன்ன காரணமும் இதுவே.

இன்று இணையத்தில் வாங்கும் மரப் பிளக்குகளில் கணிசமானவை இந்தோனேசியாவின் பாலி, ஜாவா பகுதிகளில் கடையப்பட்டவை. ஈரக்காற்றில் கடைந்த அணி டொரண்டோவின் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குள் போனால், அங்கே காற்று மிக வறண்டிருப்பதால் சில வாரங்களில் வாய் பிளக்கலாம். சென்னையில் பகலெல்லாம் ஏசி அறையிலும் மாலையில் கடற்காற்றிலும் இருப்பவருக்கும் இதே சிக்கல் சிறு அளவில் வரும். வெயிலில் காயவைப்பது, தலைமுடி உலர்த்தியால் உலர்த்துவது, காரின் முன்பலகையில் விட்டுவைப்பது ஆகியவை இதை விரைவுபடுத்தும்.

விரிசல் கண்ணுக்குத் தெரிந்தும் நகத்துக்குத் தட்டுப்படவில்லை என்றால் எண்ணெய் பூசி, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம். சில கீறல்கள் மூடிக்கொள்ளும். நகம் சிக்கினால் அந்த அணியின் காலம் முடிந்தது. உடனடிப் பசையால் அடைத்து இழைத்தால் கண்ணுக்கு அழகாகிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் விரிசலின் அடியில் அழுக்கும் ஈரமும் சிறைப்படும், பசைக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், காதில் போடாதீர்கள்.

கொம்பின் கதை வேறு. அது நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டின் புரதத்தால், மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது. நீரில் ஊறினால் படலங்கள் தளர்ந்து, காய்ந்தபின் விளிம்பில் வெண்மையாக உரியும். உரிந்த இடம் மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாளால் இழைத்து எண்ணெய் ஊட்டலாம். கொம்பு எண்ணெயை நன்றாக ஏற்கும். மாட்டுக் கொம்பின் நுனிதான் திண்மையானது, அடிப்பகுதி உள்ளீடற்றது. எனவே சிறிய பிளக்கை நுனியிலிருந்து ஒரே துண்டாகக் கடையலாம். மிகப் பெரிய திண்ம பிளக் கொம்பில் கிடைக்கிறதென்றால், தட்டையாக்கிய துண்டுகளை ஒட்டிச் செய்ததா என்று விளிம்பைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கோடு தெரிந்தால் அது பிரியும் இடமும் அதுவே. உத்தரப் பிரதேசத்தின் சம்பலிலும் ஒடிசாவின் பரலாகேமுண்டியிலும் கொம்பு வேலை தொழிலாகவே நடக்கிறது.

வெண்படலம், கரும்புள்ளி, ஊசித்துளை

மேலே படிந்த வெண்படலம் விரலால் துடைத்தால் போகும், மறுநாள் வரும் என்றால் பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூடிய டப்பாவில் கிடந்த மூங்கிலிலும் சிரட்டையிலும் இது முதலில் தோன்றும். சோப்புத்துணியால் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் விரைவாக ஒருமுறை ஒற்றி, இரண்டு நாள் காற்றாட விட்டு எண்ணெய் பூசவும். கறுப்புப் புள்ளிகள் துளைகளுக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடவும்.

ஊசி குத்தினாற்போன்ற துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்துப்போகிறது. வெளிப்புற வெள்ளை மரத்தையும் மூங்கிலையும் வண்டு விரும்பும். கொம்பை அரிக்கும் வண்டு வேறு வகை. அணியைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். வெளியே எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் அணிமேல் நீர் கோத்துக்கொள்ளும். துளை விழுந்த அணியைப் பிறகு காதில் போடுவது உகந்ததன்று, ஆனால் பக்கத்தில் இருந்த மற்றவற்றை இது காப்பாற்றும்.

குளித்தபின் இறுக்கம், அல்லது பகலில் தானே விழுதல்

குளித்தபின் இறுக்கம் என்றால் மரம் நீரேறிப் பருத்திருக்கிறது, கழற்றிக் குளிக்கவும். நாள்முழுதும் இறுக்கம், சோணை வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கிறது என்றால் அளவு பெரிது, உடனே கழற்றவும்.

அளவுத் தவறு பெரும்பாலும் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணை நம்பி வாங்குவதால் வருகிறது. 00 கேஜ் என்று ஒருவர் 9 மி.மீ. தருவார், மற்றொருவர் 10 மி.மீ. தருவார். மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவதும், வந்தபின் காலிப்பரால் அளப்பதும் தவிர வேறு வழியில்லை. இருபுறமும் விரிந்த விளிம்புள்ள பிளக்கில், நடுப்பகுதி 10 மி.மீ. என்றால் விளிம்பு 11 அல்லது 12 மி.மீ. இருக்கும், துளை அந்த விளிம்பை ஏற்க வேண்டும். இப்போதுதான் 10 மி.மீ. எட்டிய காதுக்கு ஒருபுறம் மட்டும் விளிம்பும் மறுபுறம் வளையமும் உள்ள வகையே பொருத்தம். வளையம் சிலிக்கோனாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி நைந்துவிடும். விளிம்புகளுக்கு இடைப்பட்ட நீளம் சோணையின் தடிமனைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் காற்றுப் புகும்.

துளையின் பின்புறம் தோல் பிதுங்குகிறது, அல்லது சோணையின் அடிப்பகுதி மெலிகிறது

பிதுங்கல் என்பது அவசரமாகப் பெரிதாக்கியதன் விளைவு. உட்சுவர்த் தோல் பின்னே தள்ளப்பட்டு, சிறு உதடுபோல் நிற்கும். அணியைக் கழற்றி, ஓர் அளவோ இரண்டோ இறங்கி, வலி அடங்கியபின் நாள்தோறும் எண்ணெய் தொட்டு நீவிவிட வேண்டும். புதியதாயின் பெரும்பாலும் உள்வாங்கும். பழையதாகிக் கெட்டிப்பட்டால் அறுவை மருத்துவரே வழி.

முன்பு நம் தென்மாவட்டங்களில் குழந்தைக்குக் காது குத்தி, பஞ்சும் பிறகு பனையோலைச் சுருளும் வைத்துத் துளையை வளர்த்தார்கள். சுருள் தானாக விரிய முயல்வதால் துளை ஓயாமல் விரிந்துகொண்டே போகும்; எங்கே நிறுத்துவது என்பதைச் சுருள் சொல்லாது. பாம்படமும் தண்டட்டியும் எடையால் சோணையைத் தோள்நோக்கி இறக்கின, அதுவே அன்று நோக்கமும் ஆகும். வட்டமான துளையை மட்டும் விரும்பும் இன்றைய அணிபவருக்கு அந்த இரண்டும் எதிரானவை. மாறாத விட்டம் கொண்ட அணியைப் போட்டு, ஒவ்வொரு அளவுக்கும் இடையே குறைந்தது 6 முதல் 8 வாரம், பெரிய அளவுகளில் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். 8 மி.மீட்டரிலிருந்து 10-க்குப் போவது சிறிய எட்டுப்போல் தோன்றினாலும் தோல் தாங்க வேண்டிய சுற்றளவு 25 விழுக்காடு கூடுகிறது. 20-லிருந்து 22-க்குப் போகும்போது 10 விழுக்காடுதான். இடைவெளியை நிரப்ப வேண்டுமானால், குழாய் வேலைக்குரிய வெள்ளை டெஃப்லான் டேப்பை, பசையற்றதாகப் பார்த்து, கண்ணாடிப் பிளக்கின்மேல் சில சுற்றுச் சுற்றி மெல்ல ஏறலாம்.

மெலிதலுக்கு முதற்காரணம் எடை. 20 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. நீளமும் உள்ள திண்ம உருளை கருங்காலியில் ஏறத்தாழ 5 கிராம், அகேட் கல்லில் 12 கிராம், ஹெமடைட்டில் 24 கிராம் இருக்கும். அடிப்பகுதி மெலிவது தெரிந்த நாளிலேயே கல்லை நிறுத்தி, உள்ளீடற்ற மர டனலுக்கு மாறி, இரவில் வெறுங்காதாக விட வேண்டும். நூல்போல் மெலிந்துவிட்டால் அறுந்துபோகும்வரை காத்திராமல் மருத்துவரைக் காணவும்.

கல் மங்குகிறது, அம்பர் கலங்குகிறது, எலும்பு மஞ்சளாகிறது

அகேட், ஜாஸ்பர் போன்ற படிகக்கல் வகைகள் வியர்வைக்கு அசையா. கீழே விழுந்து விளிம்பு உடைந்தால் மட்டும் சவரக்கத்திபோல் வெட்டும், எனவே பஞ்சுச் சோதனை தேவை. செவ்வந்திக்கல் நெடுநாள் வெயிலில் வெளிறும். மலகைட் செம்பின் கார்பனேட். மென்மையானது, அமிலத்தில் கரையும் என்பதால் வியர்வை மிகுந்தவருக்கு மங்கிவிடும். செலினைட் நீரிலேயே சிறிது கரையும். பாதரசம் கொண்ட சின்னபார் எனப்படும் இங்குலிகக் கல்லைக் காதில் போடவே கூடாது.

அம்பர் கலங்கினால் வாசனைத் தெளிப்பானோ கைச் சுத்திகரிப்பானோ பட்டிருக்கும்; ஆல்கஹால் அதற்கு ஆகாது. ஒரு சொட்டு ஆல்கஹாலில் மேற்பரப்பு பிசுபிசுத்தால் அது அம்பர் அன்று, வயது குறைந்த கோபால் பிசின். இனி கரையாது என்னும் அளவு உப்பிட்ட நீரில் அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கும்.

எலும்பு மஞ்சளாவது தோல் எண்ணெயால். அது குறையன்று, பலர் விரும்பும் முதிர்ச்சி. விரும்பாவிட்டால் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒற்றி அலசலாம். பிளீச்சிங் நீர் எலும்பை நொறுக்கும். மஞ்சள் பூசிக் குளித்த கறை மட்டும் வேறு. இளங்காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் வைத்தால் அது மங்கும், உச்சிவெயில் வேண்டாம்.

வாங்கும்போதே தவிர்க்கக்கூடியவை

மர அணியின் முகத்தில் மரத்தின் மையப்புள்ளி தெரிந்தால் அது வெடிக்கும், ஒதுக்கவும். மரத்தின் இனப்பெயர், மேற்பூச்சு, மில்லிமீட்டர் அளவு ஆகிய மூன்றையும் விற்பவர் சொல்ல வேண்டும். "இயற்கை மரம்" என்பது விடையாகாது. தந்தம், ஆமையோடு, மான்கொம்பு, கரும்பவளம் ஆகியவற்றின் வணிகம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடைக்குரியது. பாட்டி காலத்துப் பொருள் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். செஞ்சந்தனமும், 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ஈட்டி மரத்து அணியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் இனப்பெயர் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி, அணி காதில் இருக்கும் காலம்வரை வைத்திருப்பது நல்லது.